தீர்ப்பில் இருக்கலாம், திரையில் கூடாது: கால்ரா படமும் தணிக்கை வாரியமும்

எதைப் பதிவு செய்கிறோம்

பஞ்சாபில் காவல்துறை பிடித்துக்கொண்டு போய், பிறகு வீடு திரும்பாமலே போனவர்களைத் தேடிய ஒரு மனிதரைப் பற்றிய திரைப்படம், பின்னர் 'பஞ்சாப் '95' என்று பெயர் மாறியது, 2022 டிசம்பரில் தணிக்கை வாரியத்துக்கு (சென்சார்) அனுப்பப்பட்டது. முதலில் அதற்கு 21 வெட்டுகள் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை 85, 120 என்று ஏறி, கடைசியில் 127 ஆனது. இரண்டரை ஆண்டுகள் கழித்தும் இந்தியாவில் ஒரு திரையரங்கில்கூட அது ஓடவில்லை. வெளிநாடுகளில் மட்டுமாவது வெளியிடலாம் என்று எடுத்த முயற்சியும் நின்றுபோனது.

இந்த இடைக்காலத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அதன் பலன் என்ன ஆயிற்று என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். அரசின் கையால் நடந்த மனித உரிமை மீறலைப் படமாக்க நினைக்கும் எவருக்கும் இது பயன்படும். படக்குழுவினரை இயக்குநர், தயாரிப்பு நிறுவனம், நாயக நடிகர் என்றே குறிப்பிடுகிறேன். ஒரு பெயரை மட்டும் சொல்லாமல் விட முடியாது, காணாமல் போனவர்களைத் தேடிய அந்த மனிதரின் பெயர்: ஜஸ்வந்த் சிங் கால்ரா. அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது வாரியம் வைத்த கோரிக்கைகளில் ஒன்று.

பின்னணி: சுடுகாட்டுக் கணக்கு

1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய சீக்கிய மெய்க்காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்களில் டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசே அமைத்த குழு பின்னர் கணக்கிட்டது. அதற்குப் பிறகு பத்தாண்டுக் காலம் பஞ்சாபின் கிராமங்கள் தனிநாடு கேட்ட ஆயுதக் குழுக்களுக்கும் காவல்துறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. பேருந்திலிருந்து இறக்கிச் சுடப்பட்ட இந்துப் பயணிகளும், குடும்பத்தோடு கொல்லப்பட்ட காவலர்களும் அந்தக் காலத்தின் பலிகள்தாம். அதை மறைத்துவிட்டு பஞ்சாபைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது. ஆனால் இந்த ஆய்வு, சட்டத்தின் சீருடையை அணிந்திருந்தவர்கள் செய்ததைப் பற்றியது.

கால்ரா அமிர்தசரஸில் வங்கிப் பொறுப்பில் இருந்தவர். சீக்கியர்களின் அரசியல் கட்சியான சிரோமணி அகாலி தளத்தின் மனித உரிமைப் பிரிவுக்குப் பொதுச் செயலாளர். காணாமல் போன தெரிந்தவர்களைத் தேடப் புறப்பட்டவரை அந்தத் தேடல் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டது. இரவோடு இரவாக உடல்களை எரித்தாலும் விறகு வாங்க வேண்டும், துணி வாங்க வேண்டும். அந்தச் செலவு யாரோ ஒரு எழுத்தரின் கையால் பதிவேட்டில் ஏறியிருந்தது. எந்தக் காவல் நிலையத்திலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை உடல்கள் என்பதெல்லாம் அங்கே இருந்தன. 'உரிமை கோரப்படாத உடல்' என்று எழுதப்பட்டவர்களில் பலருக்குப் பெயர் தெரிந்திருந்தது, ஊர் தெரிந்திருந்தது. அவர்களுடைய தாய் தகப்பன் காவல் நிலையம் காவல் நிலையமாக அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

அமிர்தசரஸ் மாவட்டத்தின் துர்க்கியானா, பட்டி, தரன் தாரன் ஆகிய மூன்று சுடுகாடுகளின் பதிவேடுகளை வைத்து, 1995 ஜனவரியில் அவரும் உடன் பணியாற்றியவரும் செய்தியாளர்களிடம் பேசினார்கள். உயர் நீதிமன்றத்தில் போட்ட மனு தள்ளுபடியானது. அந்த ஆண்டின் நடுவில் கனடாவுக்குப் போய் அங்குள்ள சீக்கியர்களிடமும் அரசியல்வாதிகளிடமும் இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னார். மூன்று சுடுகாடுகளில் கண்டதை மாநிலம் முழுவதற்கும் விரித்து, 25,000 பேர் என்று அவர் மதிப்பிட்டார். அங்கேயே தங்கிவிடச் சொன்னவர்கள் இருந்தும் ஊர் திரும்பினார்.

ஆகஸ்ட் 31 அன்று பஞ்சாப் முதலமைச்சர் பியாந்த் சிங் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 6 காலை, அமிர்தசரஸ் கபீர் பார்க்கில் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்த கால்ராவைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. சில வாரங்கள் அடைத்து வைத்துச் சித்திரவதை செய்து கொன்று, ஹரிகே அருகே தண்ணீரில் உடலைத் தள்ளினார்கள் என்று, அப்போது காவல்துறையில் சிறப்புக் காவலராக இருந்த ஒருவர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். உடல் கிடைக்கவே இல்லை.

நீதிமன்றங்கள் பதிவு செய்தவை

தணிக்கை வாரியத்தின் முன் இருந்தது வெறும் குற்றச்சாட்டா, நிரூபணமான செய்தியா என்பதில்தான் இந்த நிகழ்வின் கனம் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கால்ராவின் மனைவி தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், 1995 நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர் காணாமல் போனதையும் எரியூட்டல்களையும் சேர்த்தே விசாரிக்கும்படி சிபிஐக்கு உத்தரவிட்டது. 1996 டிசம்பரில் சிபிஐ கொடுத்த அறிக்கை, அந்த மூன்று சுடுகாடுகளில் 2,097 சட்டவிரோத எரியூட்டல்கள் நடந்ததை உறுதி செய்தது. அவர்களில் 585 பேர் முழுமையாக அடையாளம் தெரிந்தவர்கள், 274 பேர் ஓரளவு தெரிந்தவர்கள், 1,238 பேர் அடையாளம் தெரியாதவர்கள். பெரும் அளவில் நடந்த அப்பட்டமான மனித உரிமை மீறல் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் இதைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது.

ஆணையம் அமிர்தசரஸ் வட்டாரத்தைத் தாண்டிப் பார்க்கவில்லை. கொன்றது யார் என்றும் விசாரிக்கவில்லை. காவல்துறையின் பொறுப்பில் இருந்தபோது இறந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்ட 195 பேரின் குடும்பங்களுக்குத் தலா 2.5 லட்சம் ரூபாய், விதிமுறை மீறி எரியூட்டப்பட்ட 1,318 பேரின் குடும்பங்களுக்குத் தலா 1.75 லட்சம் ரூபாய் என்று பிரித்தது. 2012இல் கணக்கை மூடியபோது மொத்தம் 1,513 பேருக்கு 27.94 கோடி ரூபாய். பிள்ளையைக் கொன்றதற்கு நீதி கேட்டுப் போன குடும்பத்துக்கு, எரித்த முறை சரியில்லை என்பதற்கு இழப்பீடு கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கால்ரா கொலை வழக்கு தனியாக நடந்தது. முக்கியக் குற்றவாளியாகக் கருதப்பட்ட மாவட்டக் காவல் உயரதிகாரி 1997இல், வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார். 2005 நவம்பரில் பாட்டியாலா நீதிமன்றம் ஆறு காவலர்களைக் குற்றவாளிகள் என்றது. 2007இல் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, ஏழாண்டுத் தண்டனை பெற்றிருந்த நால்வருக்கும் ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆக, படம் சொல்லும் கதையின் முதுகெலும்பு முழுவதும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட செய்தி.

படம் தணிக்கைக்குப் போகிறது

இயக்குநரும் தயாரிப்பு நிறுவனமும் தொடக்கத்திலேயே இரண்டு முடிவுகளை எடுத்தார்கள். ஒன்று, கால்ராவின் குடும்பத்தின் சம்மதத்தோடு படம் எடுப்பது. இரண்டு, பெயர்களை மாற்றாமல் எடுப்பது. இந்திய சினிமாவில் இது அரிது. உண்மைச் சம்பவத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஊரையும் பெயரையும் மாற்றி, 'யாவும் கற்பனையே' என்று முதலில் ஒரு அட்டை போட்டுவிடுவது வழக்கம். இங்கே அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம் உண்டு. எரிக்கப்பட்ட உடல்களுக்குப் பெயரை மீட்டுக் கொடுத்த மனிதரைப் பற்றிய படம் அது. அவருக்கே கற்பனைப் பெயர் வைத்தால் படம் தன் பொருளையே இழந்துவிடும்.

முதலில் வைத்த தலைப்பு 'கல்லுகாரா'. பேரழிவு, இனக்கொலை என்ற பொருளில் சீக்கியர்கள் 1746, 1762 ஆண்டுகளில் நடந்த படுகொலைகளைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல் அது. 1984ஐயும் அந்த வரிசையில் சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். தலைப்பை மாற்றச் சொன்னார்கள். படம் 'பஞ்சாப் '95' ஆனது.

அப்போதிருந்த 1983ஆம் ஆண்டு விதிகளின்படி சான்றளிக்கும் நடைமுறை 68 நாட்களுக்குள் முடிய வேண்டும். இந்தப் படத்துக்கு ஆறு மாதங்களுக்கு மேல் ஆனது. 2023 நடுவில் வாரியம் 'ஏ' சான்றும் 21 வெட்டுகளும் என்று சொன்னது. வன்முறையைத் தூண்டும், சீக்கிய இளைஞர்களைத் தீவிரப் பாதைக்குத் திருப்பும், நாட்டின் ஒருமைப்பாட்டுக்கும் வெளிநாட்டு உறவுக்கும் ஊறு செய்யும் என்பவை அதன் காரணங்கள் என்று செய்திகள் வந்தன. திரைப்படச் சட்டத்தின் 5பி பிரிவு, சான்று மறுக்க அனுமதிக்கும் காரணங்களை வரிசையாகச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்தைத் தூண்டுதல். நடந்தது நடந்தபடி சொல்லப்பட்டிருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

உயர் நீதிமன்றமும் டொரன்டோவும்

வாரியத்தின் முடிவை ஏற்காதவர்கள் முன்பு திரைப்படச் சான்றளிப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2021 ஏப்ரலில் மத்திய அரசு அதைக் கலைத்துவிட்டது. மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றம் மட்டும். தயாரிப்பு நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. 2016இல் பஞ்சாபின் போதைப்பொருள் பிரச்சினையைப் பேசிய ஒரு இந்திப் படத்தில் 'பஞ்சாப்' என்ற பெயரையே நீக்கச் சொன்னது வாரியம். அதே நீதிமன்றம் ஜூன் 13 அன்று ஒரே ஒரு வெட்டோடு அதை விடுவித்தது. அந்த வாரமே படம் வெளியானது. அதற்கும் முன்னால், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டிருக்கிறது. சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்தின் சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல நெருக்கமாக இருந்தால்தான் தடை செல்லும் என்றது. கலவரம் வரும் என்று பயமுறுத்துகிறவர்களுக்குப் பணிவது அரசின் வேலையில்லை, பேசுகிறவரைக் காப்பதுதான் வேலை என்றும் சொன்னது. படம் பேசும் கருத்து சரியா தவறா என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்குச் சிறிதும் உடன்பாடு கிடையாது, தீர்ப்பு சரியானது.

இத்தனை முன்னுதாரணங்கள் இருந்தும், இந்த வழக்கில் படத்தை விடுவிக்கும் தீர்ப்பு எதுவும் வரவில்லை.

இதற்கிடையில் 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த டொரன்டோ சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்படும் என்று அறிவிப்பு வந்தது. விழா தொடங்கும் முன்பே நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து அது நீங்கிவிட்டது. காலச்சூழலையும் சொல்ல வேண்டும். அந்த ஜூனில்தான் கனடாவின் சர்ரே நகரில் காலிஸ்தான் என்ற சீக்கியத் தனிநாட்டை ஆதரித்த தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். விழா முடிந்த மறுநாள், செப்டம்பர் 18 அன்று, கனடா பிரதமர் அந்தக் கொலையோடு இந்தியாவைத் தொடர்புபடுத்தி நாடாளுமன்றத்தில் பேசினார். இந்தியா அதை மறுத்தது. 1995இல் கால்ரா போய்ப் பேசிய நாடும் இதுவே.

21இலிருந்து 127: கேட்கப்பட்டவை

2024இல் படம் வாரியத்தின் ரிவைசிங் கமிட்டியிடம் (மறுபடியும் பார்த்து முடிவெடுக்கும் குழு) இருந்தபோது வெட்டுகளின் எண்ணிக்கை 85 என்றும், பிறகு 120 என்றும் செய்திகள் வந்தன. பின்னர் இயக்குநர் பேட்டிகளில் சொன்ன எண் 127. அவற்றில் வெளியே தெரிந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படுகிறது.

கால்ராவின் பெயரை நீக்க வேண்டும். தலைப்பில் பஞ்சாப் இருக்கக் கூடாது. 'சட்லஜ்' என்று ஆற்றின் பெயரை வைத்துக்கொள்ளலாம். 'பஞ்சாப் காவல்துறை' வெறும் 'காவல்துறை' ஆக வேண்டும். தரன் தாரன், பட்டி என்ற ஊர்ப் பெயர்கள் போக வேண்டும். கனடா, பிரிட்டன் பற்றிய குறிப்புகள் கூடாது. சீக்கியர்களின் புனிதப் பாடலான குர்பானி ஒலிக்கும் இடம் கூடாது. கால்ரா முன்வைத்த புள்ளிவிவரங்களில் சிலவற்றை எடுக்க வேண்டும்.

வன்முறைதான் கவலை என்றால் வெட்ட வேண்டியவை சித்திரவதைக் காட்சிகளாக இருந்திருக்கும். கேட்கப்பட்டவற்றில் கண்ணில் படுபவை பெயர், ஊர், எண், துறை. யார் கொன்றார்கள், யாரை, எங்கே, எத்தனை பேரை என்ற நான்கையும் எடுத்துவிட்டால் எங்கோ யாரோ யாரையோ கொன்ற ஒரு திகில் படம் மிஞ்சும். அதற்குச் சான்று கிடைக்கும். பதிவேட்டில் 'உரிமை கோரப்படாத உடல்' என்று எழுதிய காவல்துறை செய்ததும் இதே வேலை. உடல் இருந்தது, பெயரும் ஊரும் எடுக்கப்பட்டன. வாரியத்தில் உட்கார்ந்தவர்கள் அந்த நோக்கத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட வெட்டுகள் அத்தனையையும் போட்டால் வரும் விளைவு அதுதான்.

தரன் தாரன் என்ற பெயரைப் பற்றி மட்டும் இன்னொரு செய்தி. 1993இல் அங்கே ஏழு இளைஞர்களைப் போலி மோதலில் கொன்ற வழக்கில், மொஹாலி சிபிஐ நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முன்னாள் காவல் அதிகாரிகள் ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. எல்லாச் செய்தித்தாளும் ஊர்ப் பெயரோடு அதை வெளியிட்டன. ஒழுங்கு எங்கும் கெடவில்லை.

1984ஐப் பற்றிய படங்களே வருவதில்லை என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. இதே நாயக நடிகர் டெல்லிப் படுகொலையைப் பற்றிய வேறொரு படத்தில் நடித்து, அது 2022 செப்டம்பரில் இணையத் தளத்தில் வந்தது. இணைய வெளியீட்டுக்கு வாரியச் சான்று தேவையில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருப்பதாக நினைக்கிறேன். கும்பல் கொன்றதைக் காட்டுவதற்கும், காவல் நிலையத்துக்குள் நடந்ததைக் காட்டுவதற்கும் இந்த நாட்டில் வெவ்வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. கும்பல் கலைந்து போய்விடும். காவல் நிலையம் அதே இடத்தில், அதே பெயர்ப்பலகையோடு இருக்கிறது.

பிப்ரவரி 7

2025 ஜனவரியில் நாயக நடிகர் ஓர் அறிவிப்பைப் பகிர்ந்தார்: பிப்ரவரி 7 அன்று படம் வெளிநாடுகளில் வெளியாகும், ஒரு வெட்டும் இல்லாமல். முன்னோட்டமும் வந்தது. இந்திய வாரியத்தின் சான்று வெளிநாட்டுத் திரையரங்குகளுக்குச் சட்டப்படி தேவையில்லை என்பதால், இது முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்ட வழி.

சில நாட்களில் முன்னோட்டம் இந்தியாவில் யூடியூபில் காணக் கிடைக்காமல் போனது. பிறகு நடிகர் மன்னிப்புக் கேட்டு, தங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத சூழ்நிலைகளால் படம் அந்தத் தேதியில் வராது என்று தெரிவித்தார். எந்த உத்தரவு, எந்தச் சட்டப்பிரிவு, யார் கையெழுத்து என்பது எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. வாரியம் வெட்டச் சொன்னால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். 'சூழ்நிலை'யை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் மனு போடுவது? இந்த நிகழ்வில் என்னை மிகவும் கலங்க வைப்பது 127 என்ற எண்ணைவிட இந்த இடம்தான்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் பலனும்

21 வெட்டுகளை முதலிலேயே ஏற்றுக்கொண்டிருந்தால் 127க்குப் போயிருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. கோடிக்கணக்கில் பணம் போட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒரு முறை எடுத்துக் கொடுத்த பெயரைத் திரும்பப் படத்துக்குள் கொண்டுவர வழி இல்லை. சான்று பெற்ற பிரதிதான் அதன் பிறகு படம். தயாரிப்பு நிறுவனம் வழக்குக்குப் போனது சரியான முடிவு என்றே கருதுகிறேன். அதன் விலை காலம். சாட்சி சொன்ன பெற்றோரில் பலர் முதியவர்கள். 1995இல் ஐம்பது வயதிலிருந்த தாய்க்கு 2025இல் எண்பது.

கால்ராவின் மனைவி வெட்டுகளை வெளிப்படையாக எதிர்த்தார். குடும்பம் சம்மதித்த கதை இது என்று அவர் சொன்னது படக்குழுவுக்குப் பெரிய பலமாக இருந்தது. உயிரோடு இருப்பவர்களின் மனம் புண்படும் என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லாமல் போனது அதனால்தான். தொடக்கத்தில் குடும்பத்திடம் போய் உட்கார்ந்து பேசிய முடிவு, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பலன் தந்தது.

இந்த வெட்டுகளோடு படம் வந்தால் தன் பெயர் அதில் இருக்காது என்று இயக்குநர் பின்னர் அறிவித்தார். வேறு வழி ஒன்றும் முன்பு கையாளப்பட்டிருக்கிறது. 2005இல் டெல்லிப் படுகொலையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு படத்துக்கு வாரியம் 'ஏ' சான்று கொடுத்து, சில வசனங்களையும் நீக்கச் சொன்னது. அதன் இயக்குநர் வேறு வசனம் சேர்த்து ஒட்டவில்லை. ஒலியை மட்டும் எடுத்துவிட்டார். பாத்திரங்களின் உதடுகள் அசையும், குரல் வராது. வெட்டு விழுந்த இடம் பார்வையாளருக்குத் தெரிந்தது. நான்கைந்து வசனங்கள் என்றால் அந்த வழி நடக்கும். 127 இடங்களில் நடக்காது.

எதை மாற்றிச் செய்யலாம்

அடுத்து இப்படி ஒரு படம் எடுப்பவர் முதல் விண்ணப்பத்தோடேயே காட்சிவாரியாக ஆவணத் தொகுப்பு ஒன்றை இணைக்க வேண்டும். இன்ன காட்சி, இன்ன தீர்ப்பின் இன்ன பத்தி, இன்ன சாட்சியம் என்று. வாரியம் ஒரு பெயரை நீக்கச் சொன்னால், உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அச்சாகியிருக்கும் பெயரை நீக்கச் சொல்கிறோம் என்பது அதன் கோப்பிலேயே பதிவாகும். அது வாரியத்தின் மனதை மாற்றாமல் போகலாம்; உயர் நீதிமன்ற நீதிபதியின் மேசைக்கு அந்தக் கோப்பு போகும்போது பயன்படும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் 5பி பிரிவின் எந்தக் காரணம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எண்ணிக்கை கூடும் ஒவ்வொரு முறையும், முன்பு பார்த்தபோது தெரியாத ஆபத்து இப்போது எப்படித் தெரிந்தது என்பதற்கும் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். வாய்மொழிப் பேச்சுவார்த்தையில் கிடைக்கும் வாக்குறுதிகளுக்கு வழக்கில் மதிப்பில்லை.

வெளிநாட்டு வெளியீட்டைத் தேதி அறிவித்துச் செய்வதா என்பதையும் யோசிக்க வேண்டும். மூன்று வாரம் முன்னால் அறிவித்தால் தடுக்க நினைப்பவர்களுக்கு மூன்று வாரம் கிடைக்கிறது. ஆனால் இந்தியாவில் தொழில் செய்யும் நிறுவனமும் நடிகரும் பிரதியைக் கையில் வைத்திருக்கும்வரை, எப்படி அறிவித்தாலும் அழுத்தம் வந்து சேரும் இடம் அவர்கள்தாம். படத்தின் உரிமையை எங்கே, யார் பெயரில் வைப்பது என்ற கேள்வியைப் படப்பிடிப்புக்கு முன்பே ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து தீர்த்திருக்க வேண்டும்.

தீர்ப்பாயம் மீண்டும் வேண்டும். உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் பணம் சிறிய தயாரிப்பாளரிடம் இருக்காது. இந்தப் படத்தின் பின்னால் பெரிய நிறுவனமும் புகழின் உச்சியில் இருக்கும் நடிகரும் இருந்தார்கள். அவர்களுக்கே இதுதான் கதி.

கடைசியாக, நினைவு முழுவதையும் ஒரே படத்தின் மேல் ஏற்றக் கூடாது. பஞ்சாபில் ஊர் ஊராகப் போய் 5,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வாக்குமூலங்களை என்சாஃப் என்ற அமைப்பு தொகுத்து வைத்திருக்கிறது. சிபிஐயின் பட்டியல் நீதிமன்றக் கோப்புகளில் இருக்கிறது. கால்ரா வழக்கின் தீர்ப்பை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அந்தத் தீர்ப்பையும் எரியூட்டல் வழக்கின் உத்தரவுகளையும் இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து நூலகங்களில் வைப்பதற்கு வாரியத்தின் அனுமதி தேவையில்லை. தமிழில் இதுவரை செய்யப்படாவிட்டால், சட்டம் தெரிந்த இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கிவிடக்கூடிய வேலை அது.